கனம்: ஒரு பாவாடையின் சரித்திரம்

திரேஸ்புரத்தில் கடற்கரைக்கு இறங்குகிற தெரு ஒன்றில் இருக்கும் தையல் கடைக்குத் தங்கையோடு போயிருந்தேன். அவள் மகளுக்குப் புதுநன்மை. வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுக்க வேண்டும். தையல்காரர் அளவெடுத்து முடித்து, நோட்டை மூடாமலே, "கேன்கேன் எத்தனை அடுக்கு வைக்க, அண்ணாச்சி?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. தங்கைக்குப் புரிந்தது. "மூணு வைங்க. நல்லா விரிஞ்சு நிக்கணும்" என்றாள்.

பாவாடை விரிந்து நிற்பதற்காக உள்ளே அடுக்கடுக்காகக் கொடுக்கிற விறைப்பான வலைத்துணிக்குப் பெயர் கேன்கேன். தையல்காரருக்கு அது ஒரு சரக்கின் பெயர். 1830 வாக்கில் பாரிஸின் மலிவான நடனக் கூடங்களில் கிளம்பிய, காலை உயரத் தூக்கி ஆடும் ஆட்டத்தின் பெயர் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர் என் தங்கை மகளின் இடுப்பைச் சுற்றி வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. துணிக்கும் சொல்லுக்கும் நாம் நினைப்பதைவிட நீண்ட கால்கள் உண்டு.

கடையிலிருந்து இறங்கினால் மணல். வள்ளங்களின் நிழலில் உட்கார்ந்து வலை பொத்துகிறார்கள். கடையில் பார்த்ததும் இங்கே பார்ப்பதும் ஒரே குடும்பம்தான். ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809-ல் காப்புரிமை பெற்ற இயந்திரம், அதுவரை பெண்கள் கையால் பின்னிவந்த மெல்லிய வலைத்துணியை கஜக் கணக்கில் கொட்ட ஆரம்பித்தது. 1816-ல் லக்பரோவில் அவருடைய ஆலைக்குள் புகுந்து தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். அவர் ஊரை மாற்றிக்கொண்டாரே தவிர இயந்திரத்தை விடவில்லை. மீன் வலைக்கு முடிச்சு உண்டு. இந்த வலைக்குக் கிடையாது, நூல் நூலைச் சுற்றிக்கொண்டு அறுகோணமாக நிற்கும். பிறகு நைலான் வந்தபோது இரண்டுமே அதற்கு மாறின. மீனைப் பிடிக்கிற வலையும், பாலே நடனக்காரி 'டூட்டூ' என்று கட்டிக்கொள்கிற பாவாடையும் இன்று ஒரே ரசாயனத்தின் பிள்ளைகள்.

டூட்டூவின் சரித்திரத்தை 1832 மார்ச் 12-லிருந்து சொல்வது வழக்கம். அன்று பாரிஸ் ஆப்பராவில் 'லா சில்ஃபீத்' அரங்கேறியது. அமைத்தவர் பிலிப்போ தாலியோனி. ஆடியவர் அவர் மகள் மரீ. கெண்டைக்கால்வரை மணி மாதிரி இறங்கும் வெள்ளை மஸ்லின் பாவாடை, இறுகிய கச்சு, தோளில் சின்னச் சிறகு. அந்த உடையை வரைந்தவர் ஓவியர் யூஜேன் லாமி என்பார்கள். அதற்கு நூறு வருஷம் முன்பே மரீ கமார்கோ, தன் பாதவேலை கண்ணில் படவேண்டும் என்று பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தினாள். கமார்கோ உயர்த்தியது காலைக் காட்ட. தாலியோனியின் பாவாடை காட்ட விரும்பியது வேறு: உடம்புக்குக் கனமே இல்லை என்பதை. பாவாடை விரிந்து நின்றால் இடுப்பும் தொடையும் காணாமல் போகின்றன. விரல் நுனியில் நின்றால் பாதம் காணாமல் போகிறது. காஸ் விளக்கு வெளிச்சம் மஸ்லினுக்குள் புகுந்து தங்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு வெண்ணிறம், அவ்வளவுதான்.

இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளை உடுத்து, கால் தரையில் படாமல் வருகிறவளை நாம் சின்ன வயதிலிருந்தே அறிவோம். 1841-ல் வந்த 'ஜிஸெல்' பாலேயின் இரண்டாம் பாதி முழுக்க, கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன பெண்கள் வெள்ளைப் பாவாடையில் காட்டுக்குள் ஆடி, அகப்பட்ட ஆண்களை ஆடவைத்தே கொல்கிறார்கள். நம் ஊர் மோகினியேதான். நாம் அவளுக்குப் பயந்து ஆணி அடித்தோம். பாரிஸில் டிக்கட் வாங்கிப் பார்த்தார்கள்.

விரிந்த பாவாடை என்றால் கனமின்மை என்று அர்த்தம் எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் ராஜா வேஷக்காரர் கரப்புடுப்பு கட்டுகிறார். கரப்பு என்பது கோழி கவிழ்க்கிற கூடை. மீன் பிடிக்கிற கூடையும்கூட. வட தமிழ்நாட்டின் கூத்தில் கட்டை வேஷக்காரர் அடுக்கடுக்காகத் துணி கட்டிப் புடைத்து நிற்கிற குட்டைப் பாவாடையோடு வந்து சுழல்கிறார். உருவத்தில் டூட்டூவுக்கு இவை ரொம்ப தூரமில்லை. ஆனால் இங்கே பாவாடை விரிவது ஒரு குடியானவனை ராஜாவாகப் பெருக்குவதற்காக. துரியோதனன் வருகிறான் என்றால் தரை அதிர வேண்டும். ஒரே வடிவம் ஓரிடத்தில் உடம்பைக் கூட்டுகிறது, இன்னோரிடத்தில் கழிக்கிறது. உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கழித்ததற்கு யார் விலை கொடுத்தார்கள்? எம்மா லீவ்ரி, தாலியோனியே பயிற்றுவித்த பெண். 1862 நவம்பர் 15-ல் ஒத்திகையின்போது பாவாடை காஸ் விளக்கில் பட்டு எரிந்தது. எட்டு மாதம் கிடந்து 1863 ஜூலையில் இறந்தாள். வயது இருபது. உடைகளைத் தீப்பிடிக்காத ரசாயனத்தில் நனைத்தே தீரவேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன்பே உத்தரவு வந்திருந்தது. நனைத்தால் துணி விறைத்து அழுக்கு நிறமாகிவிடும் என்று அவள் மறுத்துவிட்டாள். கனமில்லாமல் தெரிவதுதான் அவள் தொழில். அதை விட்டுவிட்டு உயிரோடிருக்க அவளுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அன்று ஒத்திகை பார்த்த நாடகம் 'போர்த்திச்சியின் ஊமைப் பெண்'. அவள் ஏற்றிருந்த வேஷம் வாய் பேசாத ஒரு மீனவப் பெண்.

இனி நம் கரைக்கு வரலாம். போர்ச்சுகீசியர் இந்த முத்துக்குளித்துறையில் கால் வைத்தார்கள். 1530-களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்தியக் கரைகளில் கண்ட ஆடும் பெண்களை அவர்கள் தங்கள் பாஷையில் 'பைலதெய்ரா', ஆடுகிறவள், என்று சொன்னார்கள். அந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போய் 'பயதேர்' ஆயிற்று. 1830-ல், சில்ஃபீத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், மரீ தாலியோனி 'கடவுளும் பயதேரும்' என்ற ஆப்பராவில் தேவதாசியாக ஆடினாள். பாரிஸ் தன் மனசுக்குள் ஒரு தேவதாசியைத் தைத்து முடித்துவிட்டது.

1838-ல் நிஜமான தேவதாசிகள் வந்து இறங்கினார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து பேர், கூட மூன்று வாத்தியக்காரர்கள். தார்திவேல் என்ற வியாபாரி ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போனான். முப்பது வயதுத் தில்லம்மாளிலிருந்து ஆறு வயதுக் குழந்தைவரை இருந்தார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணை 'அமனி' என்று எழுதினார்கள். ஆகஸ்டில் வரியேதே தியேட்டரில் ஆடினார்கள். வெறுங்கால், சதங்கை, நகைகளின் பாரம். மேடைப் பலகையைத் தட்டி எழுப்புகிற அடி. காற்றில் மிதக்கிற பயதேரைப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு முன்னால், பூமியை விடாத பயதேர்.

கவிஞர் தியோஃபில் கோத்தியே அமனியைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதினார். ழான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அவளைச் சின்ன வெண்கலச் சிலையாக வார்த்தார். அதே சிற்பி முந்தைய வருஷம் தாலியோனியைச் சில்ஃபீத் உடையில் வார்த்திருந்தார். ஒரே கை, இரண்டு பெண்கள், இரண்டு பாவாடைகள். அந்த இரண்டு சிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் யோசித்திருந்தால் பாலேயின் சரித்திரமே மாறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒன்றும் மாறவில்லை. அமனியைக் கொண்டாடிய அதே கோத்தியே மூன்று வருஷம் கழித்து ஜிஸெல்லின் கதையை எழுதுகிறவர்களில் ஒருவராக இருந்தார். நிஜ மனுஷியைப் பார்த்த கண், திரும்பவும் வெள்ளைப் பேயிடமே போய்ச் சேர்ந்தது.

1877-ல் பீட்டர்ஸ்பர்க்கில் மாரியஸ் பெதிப்பா 'லா பயதேர்' அமைத்தார். கோயில் நடனக்காரி நிகியா, பூக்கூடையில் ஒளிந்த பாம்பு தீண்டிச் சாகிறாள். அதன் பிறகுதான் அந்தப் பாலேயின் புகழ்பெற்ற காட்சி வருகிறது: வெண் நிழல்கள் வரிசையாகச் சரிவில் இறங்கி வருகின்றன. நம் தேவதாசி செத்தால்தான் டூட்டூ அவளுக்குப் பொருந்துகிறது. அடுத்த சில வருஷங்களில் பாவாடை இன்னும் குறுகியது. 1885-ல் அங்கே போன இத்தாலியக்காரி வர்ஜீனியா சுக்கி, நீளப் பாவாடையில் ஆட முடியாதென்று பிடிவாதம் பிடித்தாள். 'டூட்டூ' என்ற பெயரும் அந்த 1880-களில்தான் அச்சில் ஏறுகிறது. குழந்தைப் பேச்சில் பின்புறத்தைக் குறிக்கிற வார்த்தை. தேவதைக்கு வைத்த உடுப்புக்கு ஜனங்கள் இட்ட பெயர் அது.

1902-ல் நிகியாவாக ஆடியவள் அன்னா பாவ்லோவா. அவள் 1928-29-ல் இரண்டாம் முறையாக இந்தியா வந்தபோது ருக்மிணி தேவி அவளுக்கு நெருக்கமானார். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொண்டார். உன் தேசத்துக் கலையைத் தேடு என்று அவரிடம் சொன்னவள் பாவ்லோவாதான். ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடினார். அவருக்கு உடை தைக்க உதவியவர் மதாம் கஸான் என்ற இத்தாலியத் தையல்காரி. சேலையைச் சுற்றிக் கட்டுவதற்குப் பதில், அதைத் துண்டுகளாக வெட்டித் தைத்து, முன்னால் விசிறி மடிப்பு வைத்த உடை. இன்று ஒவ்வொரு அரங்கேற்றத்திலும் இரண்டாயிரம் வருஷத்துப் பழசு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிற உடை இந்த வழியில் வந்தது.

இதைச் சொன்னவுடன் நம் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். எல்லாம் மோசடி என்பது ஒன்று. இதையெல்லாம் கிளறாதே என்பது மற்றது. இரண்டுமே உடையைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த விசிறி மடிப்பு எப்போது விரிகிறது? நடனக்காரி அரைமண்டியில் முழங்கால் மடித்து உட்கார்கிறபோது. உடம்பின் கனம் தரைக்கு இறங்குகிற கணத்தில்தான் அது திறக்கிறது. ஊசி அந்நியருடையதாக இருக்கலாம். ஆனால் டூட்டூ மறைப்பதை இது காட்டுகிறது. ஆட்டத்தின் இலக்கணம் தையலை ஜெயித்திருக்கிறது.

என் வருத்தம் வேறு. ஆட்டத்தின் கனம் தப்பியது. அந்தக் கனத்தைத் தலைமுறை தலைமுறையாக உடம்பில் சுமந்த வீட்டுப் பெண்கள் தப்பவில்லை. பொட்டுக்கட்டுவதைத் தடுத்த 1947 சட்டத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் ஆடத் தெரிந்தவர்கள் இனி எங்கே ஆடுவார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பாலசரஸ்வதி மாதிரி ஒருவர் கடைசிவரை சேலையைக் கட்டிக்கொண்டே மேடை ஏறினார். மற்றவர்கள் வெண்ணிழல்களாகச் சரிவில் இறங்கிப் போனார்கள். பெதிப்பா செய்ததை நாம் வேறு துணியில் செய்திருக்கிறோம்.

இந்தக் கரையில் கனத்தைப் பற்றி வேறொரு ஞானம் இருந்தது. முத்துக் குளிக்கிறவர் காலில் கல்லை மாட்டிக்கொண்டு இறங்குவார். கல் இல்லாமல் அடி எட்டாது; அடி எட்டாமல் சிப்பி இல்லை. 1961-தான் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பு.

புதுநன்மை அன்று பூசை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எல்லோரும் வெள்ளை. எங்கள் பிள்ளையின் பாவாடை மூன்று அடுக்குக்கும் நியாயம் செய்து நின்றது. போட்டோக்காரர் அவளைக் கைகூப்பி நிற்கச் சொன்னார். நின்றாள். என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல், "மாமா, உள்ள குத்துது. உக்காரவும் முடியல" என்றாள். தங்கையிடம் சொன்னேன்.

"ஒரு நாள்தானே, அண்ணே" என்றாள் அவள்.