லண்டன் மாநகரத்துப் புகை

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, லண்டன் சூளைகளில் நிலக்கரி எரிக்கலாகாதென்று முதலாம் எட்வர்டு மன்னர் தடை விதித்தார். ஆனால் காடுகள் அருகி விறகின் விலை ஏறிக்கொண்டே போன அந்நகரத்தில், நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கரியை எந்த ராஜாக்ஞையாலும் விலக்க முடியவில்லை. 1661-இல் ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர், புகை கக்கும் தொழில்களை ஊருக்கு வெளியே அகற்றி, நறுமணச் செடிகளைச் சுற்றிலும் பயிரிட வேண்டுமென்று ஒரு சிறு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். யோசனை ஏட்டளவில் நின்றது.

பின்னர் வந்த 1853-ஆம் வருஷத்துச் சட்டம் தொழிற்சாலை உலைகளைக் கண்டித்ததேயன்றி, வீட்டுக் கணப்பை அணுகவில்லை. லண்டன் புகையின் சரித்திரத்தில் இதுவே பிரதானமான விஷயமென்பது என் அபிப்பிராயம். ஆலை முதலாளியின்மீது குற்றம் சாட்டுவது எளிது; குழந்தைகளும் முதியோரும் மாலையில் சுற்றி அமர்ந்து குளிர் காயும் நெருப்பைக் குற்றவாளியாக்க எந்த மந்திரிக்கும் துணிவு பிறக்கவில்லை.

1952 டிசம்பர் 5-ஆம் தேதி, காற்று அசைவற்று, மேலே வெப்பக் காற்று மூடிபோல் கவிந்து கீழேயிருந்த குளிர்ந்த காற்றை எழவொட்டாமல் தடுத்துவிடவே, மின்சார நிலையங்களின் கந்தகப் புகையும் எண்ணற்ற வீடுகளின் கரிப்புகையும் மூடுபனியோடு கலந்து ஐந்து நாள் நகரத்தின்மேல் படிந்து கிடந்தன. பஸ்களுக்கு முன்னே விளக்கேந்தி ஆட்கள் நடந்தார்கள்; நாடக அரங்கினுள்ளும் புகை புகுந்து இசை நாடகம் பாதியில் நின்றது; கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சடைத்து மாண்டன. மனிதர் இறந்ததோ உடனே புலப்படவில்லை. அவரவர் வீட்டுப் படுக்கையில், மார்புநோய் முற்றி, ஓசையின்றி மடிந்தவர்கள் சுமார் 4,000 பேரென்று மரணக் கணக்குகளே பிற்பாடு தெரிவித்தன. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 12,000 என்றும் மதிப்பிடுகின்றனர்.

சர்க்கார் முதலில் தயங்கியது. ஸர் ஹியூ பீவர் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையும், பார்லிமெண்டில் ஜெரால்டு நபாரோ கொணர்ந்த தனி மசோதாவும் நெருக்கிய பின்னரே, 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகையற்ற வட்டாரங்களைப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அளித்ததோடு, கணப்பை மாற்றியமைக்கும் செலவில் பத்தில் ஏழு பங்கேனும் பொதுப் பணத்திலிருந்து கிடைக்க அது வகை செய்தது. ஏழைக் குடித்தனக்காரனிடம் தடையை மட்டும் நீட்டாமல் பணத்தையும் நீட்டிய இந்த ஏற்பாடே, பழைய ஆணைகள் சாதிக்காததைச் சாதித்தது. கரியிருந்த இடத்துக்குக் கல்கரியும் வாயுவும் மின்சாரமும் வந்தன. எனினும் வேலை மெதுவாகவே நடந்தமையால், 1962 டிசம்பரில் மீண்டுமொரு புகைமூட்டம் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. தயங்கும் ஸ்தல ஸ்தாபனங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை மந்திரிக்கு அளிக்க, 1968-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.