லொறிப் பெட்டிக்குள்ள ஒரு லைற்

போன வருசம் எங்கட பீடத்து நாடகக் குழுவோட ஒரு பட்டா லொறியில வன்னிப் பக்கம் வெளிக்கிட்டம். மூன்று நாள், மூன்று ஊர். லொறியின்ர பின்பெட்டிக்கு மேல கம்பி வளைச்சு தறப்பாள் கட்டி, அதுக்குள்ளயே நாலு பேர் படுக்கிறதெண்டு ஏற்பாடு. படுக்கிற இடமெண்டால் லைற் வேணும்தானே. அமெரிக்காவில பிக்கப் வாகனங்களின்ர பெட்டியை வீடாக்கித் திரியிற ஆக்களின்ர வீடியோக்கள் ரெண்டு மூண்டைப் பார்த்துவிட்டு, வயர் பத்து மீற்றரும், சிக்னல் லைற்றுக்குப் போடுற 21 வாட்ஸ் பல்ப் ரெண்டும் வாங்கி, பற்றறியிலிருந்து நேராக இழுத்து நாங்களே பூட்டினம். முதல் இரவு மண்டபம் மாதிரி வெளிச்சம். விடிய லொறி ஸ்டார்ட் எடுக்கேல்லை.

கணக்கை முதலே போட்டுப் பார்த்திருக்க வேணும். ரெண்டு பல்பும் சேர்ந்து 42 வாட்ஸ். 12 வோல்ற்றால பிரிச்சால் மூன்றரை அம்பியர். எட்டு மணித்தியாலம் எரிஞ்சால் 28 அம்பியர் மணி. பற்றறியில 50 எண்டு எழுதியிருந்தது. ஆனால் அது பழைய பற்றறி, அதில பாதிகூட நிண்டிருக்காது. நாங்கள் தள்ளினம், சாரதி அண்ணை எங்களைப் பேசினார். பேச்சு வாங்கிக்கொண்டு தள்ளேக்குள்ளதான் ஒரு கேள்வி வந்தது: ஓடுற வாகனத்துக்குள்ள வாழுற ஆக்கள் இந்த வெளிச்சப் பிரச்சினையை எப்படித் தீர்த்தவை? திரும்பி வந்து தேடத் தொடங்கினம். தேடல் நாங்கள் நினைக்காத இடங்களுக்கெல்லாம் போச்சு.

அமெரிக்க முகாம் பயணங்களின்ர வரலாற்றை எழுதுற ஆக்கள் அனேகமாக நாலு பேரோடதான் தொடங்குவினம். கார் செய்த ஹென்றி ஃபோர்ட், டயர் செய்த ஹார்வி ஃபயர்ஸ்டோன், மின்குமிழோடயே பெயர் ஒட்டிக்கொண்ட தோமஸ் எடிசன், இயற்கையைப் பற்றி எழுதின ஜோன் பரோஸ். தங்களை ‘நாடோடிகள்’ எண்டு அழைச்சுக்கொண்டு 1910களின் நடுவிலயிருந்து 1924 வரை இவை கோடைகாலங்களில முகாம் போட்டுத் திரிஞ்சவை. (பரோஸ் 1921 இல இறந்திட்டார்.) பின்னால சமையலுக்கெண்டு அடுப்பும் ஐஸ்பெட்டியும் வைச்சுக் கட்டின வாகனம் ஒண்டு வரும், சமையல்காரர் வருவார், படம் எடுக்கிற ஆக்கள் வருவினம். 1921 இல ஜனாதிபதி ஹார்டிங்கும் வந்து சேர்ந்தார். கோடீஸ்வரர்களின்ர நாடோடித்தனம் எண்டால் அப்படித்தான்.

ஆனால் வெளிச்ச விசயத்தில எடிசனை நாங்கள் கும்பிடத்தான் வேணும். அவர் தன்ர சேமிப்புப் பற்றறிகளைத் தனியாகக் கொண்டுபோய், அதிலயிருந்து வயர் இழுத்து முகாமுக்கு லைற் போட்டார். மின்சாரக் கார்களை மனசில வைச்சு அவர் பல வருசம் மினக்கெட்டுச் செய்த நிக்கல்-இரும்புப் பற்றறிகள் அவை. கார்ச் சந்தையைப் பெற்றோல் பிடிச்சுக்கொண்டுது. அந்தப் பற்றறி ரயில் பெட்டிகளுக்குள்ளயும் சுரங்கத் தொழிலாளியின்ர தலை விளக்கிலயும் போய் எரிஞ்சது. நாங்கள் லொறி தள்ளிப் படிச்ச பாடம் இதுதான்: எஞ்சினை எழுப்புற பற்றறி வேற, இரவு வெளிச்சத்துக்கான பற்றறி வேற. இண்டைக்கும் முகாம் வாகனங்களில ரெண்டாவது பற்றறி வைச்சு, எஞ்சின் ஓடேக்குள்ள மட்டும் ரெண்டையும் இணைச்சு சார்ஜ் பண்ற ரிலே ஒண்டைப் பூட்டுறது இதுக்காகத்தான்.

சாதாரண சனத்திட்ட அந்தப் பற்றறி இருக்கேல்லை. 1908 இலிருந்து 1927 வரை வந்த ஃபோர்ட் மொடல் ரீயைப் பாருங்கோ. ஆரம்பத்தில அதின்ர முன் விளக்குகள் அசற்றிலீன் வாயுவில எரிஞ்சவை. கல்சியம் கார்பைட்டில தண்ணி சொட்டச் சொட்ட வாயு வரும், குழாயால விளக்குக்குப் போகும், தீக்குச்சி உரசிப் பத்தவைக்க வேணும். பக்க விளக்குகள் மண்ணெண்ணெயில. கடிலாக் கம்பனி 1912 இலயே மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் போட்டிட்டுது, ஆனால் அது வசதியானவையின்ர கார். ஃபோர்ட் 1915 இல முன் விளக்கை மின்சாரமாக்கினபோதும் பற்றறி குடுக்கேல்லை. எஞ்சினோட சுத்துற காந்தத்திலயிருந்து வாற கரண்ட்தான். எஞ்சின் வேகமாக ஓடினால் பிரகாசம், மெதுவாக ஓடினால் மங்கல், நிண்டால் இருட்டு.

இதை வாசிச்ச உடனே எங்களில ரெண்டு பேர் ஒரே நேரத்தில சொன்னம்: சைக்கிள் டைனமோ!

அதுக்குப் பேந்து வருவம். முதல் 1930கள். மழை பொய்ச்சு, மண் புழுதியாகிப் பறந்து, கடனும் சேர்ந்து ஒக்லஹோமா, டெக்சாஸ் பக்கத்துக் குடியானவர்களைக் கலைச்சது. பழைய கார்களை வெட்டிப் பின்பக்கம் பெட்டி அடிச்சு, மெத்தை, சட்டி, பானை, கிழவி, குழந்தை எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வெளிக்கிட்டவை. அமெரிக்கப் பண்ணைகளில அப்ப பத்தில ஒண்டுக்குத்தான் மின்சாரம் இருந்தது எண்டுகினம். வீட்டிலயே அரிக்கன் லாம்பு எரிச்ச சனம் லொறிப் பெட்டியிலயும் அரிக்கன் லாம்புதான் எரிச்சிருக்கும்.

இவையைப் பற்றி 1936 இல பத்திரிகைக் கட்டுரைகளும் 1939 இல ஒரு பெரிய நாவலும் எழுதினவர் ஜோன் ஸ்டைன்பெக். அந்த நாவலில வாற குடும்பம் போற வாகனமும் வெட்டி லொறியாக்கின பழைய ஹட்சன் கார்தான். அதே ஸ்டைன்பெக் 1960 இல, தனக்கு 58 வயசாகேக்குள்ள, ஒரு ஜீஎம்சி பிக்கப்பின்ர பெட்டிக்கு மேல வீடு கட்டுவிச்சு, நாயையும் ஏத்திக்கொண்டு நாடு சுத்தினார். டொன் கிஹோட்டேயின்ர குதிரையின்ர பெயரைத்தான் வாகனத்துக்கு வைச்சார். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் உள்ளுக்க. லைற் எதில எரிஞ்சது தெரியுமா? பியூட்டேன் வாயுவில. எடிசன் முகாமில மின்விளக்கு எரிச்சு நாப்பது வருசத்துக்குப் பிறகும் வாயு விளக்கு! அந்தப் பிக்கப் இப்ப கலிபோர்னியாவில சலினாஸ் நகரத்து நூதனசாலையில நிக்குது.

எங்களுக்கு ஒரு மனக்குறை. நாங்கள் வாசிச்ச முகாம் வாகன வரலாறுகள் எடிசனில தொடங்கி, 1930களை மெல்லத் தாண்டி, 1950களில கார்கள் 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாறினதில போய் நிக்குது. பிறகு எல்லாமே விடுமுறைக் கதைதான். ஒக்லஹோமாக் குடும்பங்களுக்கு ‘இடப்பெயர்வு’ எண்டு வேற அலமாரி. ஒரே பெட்டி, ஒரே மெத்தை, ஒரே இருட்டு. வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா எண்டதிலதான் வித்தியாசம். ஸ்டைன்பெக் ஒரு ஆள்தான் ரெண்டு பெட்டியையும் பற்றி எழுதினவர் எண்டு எங்களுக்குப் படுது.

இப்ப டைனமோவுக்கு வருவம். 1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கினதோட யாழ்ப்பாணத்தில கரண்ட் நிண்டது. வருசக்கணக்காக வரேல்லை. பற்றறியும் தடை, பெற்றோலும் தடை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்க பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட சிக்கன விளக்கில படிச்சதாக எங்கட அம்மாமார் சொல்லாத நாளில்லை. பாட்டுக் கேக்கவும் செய்தி கேக்கவும் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, கையால பெடலைச் சுத்தி, டைனமோவில வாற கரண்ட்டை றேடியோவுக்குக் குடுத்தவை. 6 வோல்ற், 3 வாட்ஸ். அவ்வளவுதான் அந்த டைனமோவின்ர வலு. சுத்துறவர் களைச்சால் செய்தியும் களைச்சிடும். எழுபத்தைஞ்சு வருசத்துக்கு முந்தி மொடல் ரீயின்ர முன் விளக்குப் பட்ட அதே பாடு.

1995 ஐப்பசி 30 இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள்ள தென்மராட்சிக்கு வெளிக்கிட்டதை நாங்கள் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. எங்களில ஒருத்தியின்ர அம்மம்மாவை லாண்ட்மாஸ்டர் பெட்டியில ஏத்திக்கொண்டு போனவை. நாங்கள் அவவிட்ட ‘பெட்டிக்குள்ள வெளிச்சம் இருந்ததோ?’ எண்டு கேட்டம். “ரோச் லைற் ஒண்டு இருந்தது பிள்ளை, அடிக்கேல்லை. பற்றறி முடிஞ்சால் பேந்து என்ன செய்யிறது?” எண்டா. கைதடியில ஒரு பள்ளிக்கூட வாங்கில் ஓரமாகக் குந்தியிருந்து விடிய விடிய அந்த ரோச்சைக் கைக்குள்ளயே வைச்சிருந்தவவாம்.

இந்த வருசப் பயணத்துக்கு லொறியைத் திரும்ப வயர் பண்ண, பழைய ஒட்டோ எலெக்ரீசியன் ஒருவரைப் பிடிச்சம். ஐம்பதைத் தாண்டினவர், தொண்ணூறுகளில டைனமோ வயரிங்கிலதான் தொழில் பழகினவராம். எங்கட பழைய வேலையைப் பார்த்துவிட்டு முதல் கேட்டது: “பியூஸ் எங்க?” இருக்கேல்லை. பற்றறிக்குக் கிட்டவே பியூஸ் போட வேணுமாம். தூரத்தில போட்டால் அதுக்கு முந்தி எங்கயாவது வயர் தேய்ஞ்சு பொடியில முட்டினால் பியூஸ் எரியாது, தறப்பாள்தான் எரியும். தகரத்தில ஓட்டை போட்ட இடமெல்லாம் றப்பர் வளையம் வைச்சார். எர்த் பூட்ட பெயின்ற்றைச் சுரண்டி இரும்பை வெளியில எடுத்தார். ரெண்டாவது பற்றறிக்கு எங்களிட்டக் காசில்லை. அதால எல்ஈடி பட்டி ஒண்டு, 6 வாட்ஸ். அரை அம்பியர். இரவு முழுக்க எரிஞ்சாலும் நாலு அம்பியர் மணிதான்.

சுவிட்சைச் சாரதிப் பக்கம் வைப்பமெண்டு நாங்கள் சொன்னம். அவர் கேக்கேல்லை. பெட்டிக்குள்ள, படுத்திருக்கிற ஆளின்ர கை எட்டுற இடத்தில பூட்டினார். ஏனெண்டு கேட்டம்.

“பிளேன் சத்தம் கேட்டால் எழும்பி ஓடிப்போய் நிப்பாட்ட ஏலாதெல்லே,” எண்டார். பிறகு தானே சிரிச்சுப்போட்டு, “பழக்கம் தம்பி,” எண்டு சொல்லிக் குறட்டைப் பெட்டிக்குள்ள போட்டார். சுவிட்ச் இப்பவும் அங்கதான் இருக்கு.