கண் சிமிட்டுங்கள்!

போன வாரம் உங்களை மாநிலங்களவை வாசலில் நிறுத்தியிருந்தேன். வாருங்கள், உள்ளே போவோம்.

2016 டிசம்பர் 14. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய் ஐந்து வாரம். கூட்டத்தொடர் முழுக்க ஒரே கதைதான்: அவை கூடும், அமளி எழும், ஒத்திவைப்பார்கள். இன்னும் இரண்டே நாள். பிறகு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா 2014 பிப்ரவரியிலிருந்து அந்த அவையில்தான் கிடக்கிறது.

அமைச்சர் தாவர்சந்த் கெலாட் அதைக் கையில் எடுத்தார்.

அமளி அடங்கியது!

எல்லாம் இரக்கம்தானா? நான் அப்படி நம்பவில்லை. இந்த மசோதாவை மறித்தவர் என்ற பெயரைச் சுமக்க எந்தக் கட்சிக்குத்தான் துணிச்சல் வரும்? ஆளும் தரப்புக்கோ, வீணாய்ப் போன தொடரில் காட்டுவதற்கு ஒரு சட்டமாவது வேண்டும்.

ஆனால் மசோதாவுக்குள் ஒரு முள் இருந்தது. முதலில் சொன்ன 5 சதவீத வேலை ஒதுக்கீடு 4 ஆகச் சுருங்கியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நோக்கம் நியாயமானது, வழி அதற்கு ஏற்றது என்று காட்டிவிட்டால் பாகுபாடு செய்தவர் தப்பிக்கலாம் என்றது 3ஆவது பிரிவு. யாருக்கு நியாயம்? யார் சொல்வது?

முள்ளோடு வாங்கிக்கொள்வதா, இன்னும் சில ஆண்டுகள் காத்திருப்பதா?

வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாளில் மக்களவையும் தலையசைத்தது. 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்ற பழைய பட்டியல் 21 ஆனது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

அதே நாட்களில் அரசு இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தது: ரொக்கத்தை விடுங்கள், போனுக்கு மாறுங்கள். மாறினோம். இன்று போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிறவர் கையிலும் போன்தான் பணப்பை.

பணம் போனுக்குள் போனால் திருடனும் பின்னாலேயே வருவான் இல்லையா? வங்கிகள் பூட்டுப் போட்டன. கணக்கு தொடங்க வருபவர் உயிருள்ள ஆள்தானா, வெறும் போட்டோவா? கண்டுபிடிக்க எளிய வழி வைத்தார்கள். கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும்.

2023. ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்த ஒரு பெண் கணக்கு தொடங்க வங்கிக்குப் போனார்.

சிமிட்டச் சொன்னார்கள்.

அவரால் முடியவில்லை.

திருடனுக்குப் போட்ட பூட்டு அவரை வெளியே நிறுத்திவிட்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கைக் கேட்டவர்கள் இருவர்: நீதிபதி பர்திவாலா, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நம் நீதிபதி ஆர்.மகாதேவன்.

மேசை மேல் அந்த 2016 சட்டம். பாதுகாப்பு நியாயமான நோக்கம்தானே? அப்படியானால் அந்த முள் இப்போது யாரைக் குத்தும்?

2025 ஏப்ரல் 30. நீதிபதிகள் தீர்ப்பை வாசிக்கத் தொடங்கினார்கள்...

(அடுத்த வாரம்)