குழாய் போட்ட சோறு

காரில் யாரும் ஏறெடுத்தும் பார்க்காத பாகம் எது? வண்டிக்கு அடியில், துருவும் சேறுமாகத் தொங்கிக்கொண்டிருக்கிற சைலன்சர்தான். ஓட்டை விழுந்து ஊரைக் கூட்டினால் ஒழிய அப்படி ஒன்று இருப்பதே நமக்கு ஞாபகம் வராது.

அந்தக் குழாயை நம்பி ஒருவர் கம்பெனி தொடங்கினார். பெயர் கார்லோ அபார்த். 1908-ல் வியன்னாவில் பிறந்தவர். அப்போது கார்ல், கார்லோ ஆனதெல்லாம் இத்தாலிக்குப் போன பிறகு. மனிதருக்கு இளமையில் பைக் பந்தயம்தான் உயிர். 1934-ல், சைடு கார் வைத்த பைக்கில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு போட்டி போட்டு, ரயிலை முந்திக் காட்டிய ஆசாமி. பிறகு யூகோஸ்லாவியாவில் ஒரு பெரிய விபத்து. பைக் பந்தய வாழ்க்கை அதோடு சரி.

உலகப் போர் முடிந்ததும் இத்தாலியின் டூரின் நகரில், சிசிடாலியா என்ற கம்பெனியின் பந்தயப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. முதலாளி பியரோ டூசியோ. பணக்காரர், ஆசைக்காரர். போர்ஷே நிறுவனத்திடம் ஒரு கிராண்ட் பிரீ காரை வடிவமைக்கச் சொன்னார். 12 சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் இழுவை. அந்தக் காலத்துக்கு அது ராட்சசக் கனவு. கனவு, கம்பெனியின் கஜானாவைத் துடைத்துவிட்டது. டூசியோ அர்ஜென்டினாவுக்குக் கிளம்பிவிட்டார். அபார்த்துக்கு வரவேண்டிய பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்தவை சில பந்தயக் கார்களும் உதிரி பாகங்களும்.

1949 மார்ச் 31. ஸ்காலியாரினி என்ற பணக்காரக் குடும்பத்தின் உதவியோடு சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். சின்னம் தேள். அவருடைய ராசி விருச்சிகம்!

நான் பி.காம் படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. அபார்த் கம்பெனியின் செலவுப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது சுலபம். பந்தயம். ஒரு முதலாளி அதில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தும் அபார்த்தால் அதை விட முடியவில்லை. சரி, வரவு? அங்கேதான் குழாய் வருகிறது.

அன்றைய இத்தாலியில் சாமானியரின் கார், ஃபியட்டின் டோப்போலினோ. இத்தாலியர்கள் மிக்கி மவுஸை அழைக்கும் பெயர் அது. சுண்டெலிதான். நாலு சிலிண்டரும் சேர்ந்து 569 சிசி. அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே. 1936-ல் வந்தபோது அதன் சக்தி 13 குதிரைசக்தி. அதை வைத்திருந்தவருக்கு வேறு கார் வாங்க வசதி கிடையாது. ஆனால், வேக ஆசை மட்டும் இருந்தது.

புகை போகிற குழாயை மாற்றினால் எஞ்சினுக்கு எப்படிச் சக்தி கூடும் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. எரிந்த வாயுவை முழுசாக வெளியே தள்ளினால்தான் புதுக் காற்றுக்கு உள்ளே இடம். வாயு சீராக வழிந்து ஓடுவதில்லை. ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் 'டப்' என்று ஓர் அடியாகக் கிளம்புகிறது. அந்த அழுத்த அலை குழாயின் திறந்த முனையைத் தொட்டதும், அங்கிருந்து உறிஞ்சுகிற அலை ஒன்று திரும்பி எஞ்சினை நோக்கி வரும். வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்துவிட்டால், மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். சற்று முன்னே பின்னே வந்தால் பிரயோஜனமில்லை. குழாய் நீளமானால் அலை தாமதமாகத் திரும்பும். அது மெதுவான ஓட்டத்துக்கு. விரட்டி ஓட்டக் குட்டையான குழாய் வேண்டும். குறுக்களவும் அப்படித்தான். ஒல்லியாக இருந்தால் மூச்சுத் திணறும். குண்டாக இருந்தால் வாயு வேகமிழந்து சோம்பிவிடும். ஆகவே ஒரே குழாயை எல்லா வண்டிக்கும் மாட்ட முடியாது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனியாக அளவெடுத்துச் சட்டை தைக்க வேண்டும்.

அபார்த் தைத்துக் கொடுத்தார். சாதாரண சைலன்சரில் புகை தடுப்புகளில் முட்டி மோதி, சுற்றிச் சுற்றி வெளியேறும். அவருடையதில் துளையிட்ட குழாய் ஒன்று நேராக ஊடுருவிப் போகும். சுற்றிலும் சத்தத்தை உறிஞ்சக் கண்ணாடி இழை. வெளியே கறுப்பு வர்ணம், முனையில் பளபளக்கும் குரோமியம், மேலே தேள்.

சக்தி கூடியது உண்மை. ஆனால், மலையளவு இல்லை. என் கணிப்பில், ஜனங்கள் காசு கொடுத்தது அந்தக் குரலுக்காகத்தான். சுண்டெலி உறுமினால் யாருக்குத்தான் பிடிக்காது? பெயரோ சைலன்சர், விற்றதோ சத்தம்!

அதற்காக, வெறும் சத்தக்காரர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். 1957-ல் ஃபியட் புதிய 500 காரைக் கொண்டுவந்தது. இரண்டே சிலிண்டர், 479 சிசி, வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். ஆரம்பத்தில் அது சரியாக விற்கவில்லை. அபார்த் ஒரு 500-ன் எஞ்சினைச் செப்பனிட்டு, 1958 பிப்ரவரியில் மோன்ஸா பந்தய மைதானத்தில் ஏழு பகல் ஏழு இரவு ஓடவைத்தார். 18,186 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர்! இதற்குப் பிறகு ஃபியட்டே, அபார்த் ஜெயிக்கிற ஒவ்வொரு பந்தயத்துக்கும் பணம் தர ஒப்புக்கொண்டது.

குழாய் வியாபாரமும் நிற்கவில்லை. ஃபோக்ஸ்வாகனுக்கு, போர்ஷேவுக்கு என்று வகைவகையாகச் செய்தார். 1962-ல் மட்டும் 2,57,000 சைலன்சர்கள். பாதிக்கு மேல் ஏற்றுமதி. சாமானியர்கள் தங்கள் குட்டிக் கார்களுக்கு வாங்கிய குழாய்க் காசில் பந்தயக் கார்கள் பறந்தன.

ஆனாலும் செலவுப் பக்கம் விடவில்லை. 1971-ல் கம்பெனியை ஃபியட்டிடம் விற்றார். 1979-ல் காலமானார்.

2023-ல் விற்பனைக்கு வந்த அபார்த் மின்சார காருக்கு எஞ்சின் இல்லை, புகை இல்லை, ஆகவே குழாயும் இல்லை. வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள வேண்டுமே! பெட்ரோல் அபார்த்தின் சைலன்சர் சத்தத்தை அப்படியே பிரதியெடுத்து, வண்டிக்கு வெளியே ஒரு ஸ்பீக்கரை மாட்டி ஒலிக்க விட்டார்கள். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். ஆனால், காரை நிறுத்திவிட்டுத்தான் அதைச் செய்ய முடியும்.