உவமை பொருந்தாத இடம்: மறையுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் முறை குறித்து

ஞாயிறு வழிபாட்டில் எந்த வேதப்பகுதியை விளக்குவது என்ற கேள்வி நம் சபைகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் 1969ஆம் ஆண்டின் திருவருகைக் காலம் முதல் மூன்றாண்டுச் சுழற்சி வாசக முறை நடைமுறையில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கருப்பொருளையும் அதற்குரிய வாசகங்களையும் ஆண்டு நாட்காட்டியில் குறித்துத் தருகிறது. வாசகம் கையில் இருக்கிறது. அதை விளக்க எதை எடுத்துச் சொல்வது என்பதுதான் அருள்பணியாளரின் கவலை. வாரக் கடைசியில் கதை தேடும் வேலை தொடங்குகிறது. தொகுப்பு நூல்கள், பழைய குறிப்பேடுகள், இப்போது வாட்ஸ்அப்பில் வந்து சேரும் கதைகள் எனத் தேடல் விரிகிறது.

இந்தத் தேடல் தவறான கேள்வியிலிருந்து தொடங்குகிறது என்பதே என் வாதம். வாசகத்தோடு எது பொருந்தும் என்று கேட்கிறோம். பொருந்தும் கதை கிடைத்ததும், அதில் பொருந்தாத பகுதியை மறைத்துவிட்டுச் சொல்கிறோம். எடுத்துக்காட்டு எந்த இடத்தில் வாசகத்தோடு பொருந்தாமல் போகிறதோ, பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வாசகம் பேசத் தொடங்குகிறது. அந்த இடத்தைச் சபைக்குக் காட்டுவது மறையுரையாளரின் கடமை.

நாத்தானிடமிருந்து தொடங்கலாம். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவர் தாவீதிடம் ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறார். பணக்காரன் தன் மந்தையை விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பிடித்து விருந்து வைக்கிறான். தாவீது கொதித்தெழுந்து தீர்ப்புச் சொல்கிறான். அந்தத் தீர்ப்பு தன்மேலேயே வந்து விழுகிறது. இங்கே கதை எந்தக் கருத்தையும் விளக்கவில்லை. அரசனுக்குத் தெரியாத ஒரு நெறியை அது கற்பிக்கவும் இல்லை. பிறன் மனை கொள்வது தவறென்று தாவீதுக்குத் தெரியாதா என்ன? கேட்பவனையே நீதிபதி ஆசனத்தில் உட்கார வைத்தது கதை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கதையும் நிகழ்ச்சியும் முழுக்கப் பொருந்தவில்லை. கதையில் கொல்லப்படுவது ஆட்டுக்குட்டி. நிகழ்ச்சியில் கொல்லப்பட்டவன், தாவீது கவர்ந்துகொண்ட பெண்ணின் கணவன் உரியா. கதையில் ஏழை உயிரோடிருக்கிறான். அந்தப் பொருந்தாமை இல்லாதிருந்தால் தாவீது முதல் வாக்கியத்திலேயே விழித்துக்கொண்டிருப்பான். தீர்ப்பு வந்த பிறகு நாத்தான் அந்த இடைவெளியை மூடுகிறார். உரியாவின் கொலையைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார். கதை விட்டுவைத்த இடத்தில்தான் குற்றச்சாட்டு நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கி சார்லஸ் ஸ்பர்ஜன் எடுத்துக்காட்டுகளை வீட்டுக்கு வெளிச்சம் தரும் ஜன்னல்களாகக் கண்டார். இந்த ஒப்புமை இன்றுவரை மறையுரைக் கலை வகுப்புகளில் வழங்குகிறது. அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. மெழுகுவர்த்திகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நூல் முழுவதற்கும் எடுத்துக்காட்டுகளைத் திரட்டிக் காட்டியவர் அவர். ஆனாலும் ஜன்னல் என்னும் எண்ணத்தில் ஒரு குறை இருக்கிறது. கருத்து முன்பே கட்டி முடிக்கப்பட்டுவிட்டது, கதை அதற்குப் பிறகு சுவரைத் திறந்து வைப்பது மட்டுமே என்று அது கருதுகிறது. நாத்தானின் கதையை எடுத்துவிட்டால் பின்னால் எந்தக் கட்டடமும் இல்லை.

கதையையும் வாசகத்தையும் பிரித்து வைக்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் மக்களுக்கு மறையுரை ஆற்றத் தகுந்தவர்களை ஆயர்கள் நியமிக்க வேண்டுமென்று விதித்தது. தொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவியர் ஊர் ஊராகச் சென்று பேசத் தொடங்கினர். அவர்களுடைய தேவைக்காகக் கதைத் தொகுதிகள் பெருகின. ஜாக் தெ வித்ரி தம் மறையுரைகளில் சேர்த்த கதைகள், ஹைஸ்டர்பாக் மடத்துச் சேசாரியுஸின் உரையாடல் நூல், எத்தியேன் தெ பூர்போன் திரட்டிய பெருந்தொகுதி ஆகியவை பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லியேஜ் நகரத்து ஆர்னோல்டு ஒரு படி மேலே போனார். கதைகளைத் தலைப்பு வாரியாக அகர வரிசையில் அடுக்கினார். இந்த அடுக்கு முறை எவ்வளவு பயனுள்ளது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய தொகுப்புகள் எல்லாம் அதன் வாரிசுகள்தாம். ஆனால் சிக்கலும் அங்கேதான் பிறந்தது. அகர வரிசையில் கதை தேட வேண்டுமானால் வாசகத்தை முதலில் ஒரு தலைப்பாகச் சுருக்க வேண்டும். ‘பொறாமை’, ‘மன்னிப்பு’, ‘தாழ்மை’ என்று வாசகத்துக்குச் சீட்டு ஒட்டிய பிறகே கதை கிடைக்கும். மறையுரை அந்தச் சீட்டைப் பற்றியதாகிவிடுகிறது. வாசகம் பின்னுக்குப் போகிறது. மேடையில் வேடிக்கைக் கதைகளால் சிரிப்பு மூட்டும் போதகர்களைத் தாந்தே தம் காவியத்தின் விண்ணுலகப் பகுதியிலேயே கண்டிக்கிறார் என்றால், சீர்கேடு அப்போதே எவ்வளவு முற்றியிருந்தது என்று ஊகிக்கலாம்.

கதை வேறிடத்திலிருந்து வருவதுதான் குற்றம் என்று நான் சொல்லவில்லை. யானை துரத்தப் பாழ்ங்குழியில் தொங்குகிற மனிதன், கீழே பாம்பு இருப்பதையும் மறந்து, மேலிருந்து சொட்டும் தேன் துளியை நக்கும் கதையைத் தமிழ்ச் சமணக் காப்பியமான சூளாமணி சொல்கிறது. மகாபாரதத்திலும் அது உண்டு. இதே கதை பர்லாம்–யோசபாத் வரலாற்றுக்குள் புகுந்து கிறிஸ்தவ உலகெங்கும் பரவியது. அந்த வரலாறே புத்தரின் வாழ்க்கைக் கதை உருமாறியதுதான். யாக்கோபுஸ் தெ வோராஜினே அதைத் தம் புனிதர் வரலாற்றுத் தொகுதியில் சேர்த்தார். இத்தாலியின் பார்மா நகரத் திருமுழுக்கு ஆலய வாயிலில் அந்தக் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. மேற்கே போனபோது யானை ஒற்றைக்கொம்பு விலங்காக மாறியது. பாம்பு இருந்த இடத்தில் நெருப்புமிழும் நாகம் வந்தது. கதையை எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் மக்கள் அஞ்சிய விலங்குகளை அதில் வைத்தார்கள். அப்படி வேரூன்ற வைத்த கதைதான் நிலைத்தது. இன்று நம் மேடைகளில் கேட்கும் பனிப்புயல் கதைகளுக்கும் அயல்நாட்டு ரயில்பாலக் கதைகளுக்கும் அந்த வேர் இல்லை.

மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாட்களைப் பார்ப்போம். தொகுப்பு நூல் இதைப் ‘பொறாமை’யின் கீழ் வைக்கும். மறையுரையாளர் இரண்டு சகோதரர்களைப் பற்றிய ஒரு கதையைச் சொல்லி முடிப்பார். ஆனால் காலை ஏழு மணிக்குத் தமிழ்நாட்டு நகரம் எதிலும் ஒரு நாற்சந்தியைக் கடந்தவர்கள், மண்வெட்டியும் சாப்பாட்டுத் தூக்குமாக நிற்கும் கட்டடத் தொழிலாளர்களைப் பார்த்திருப்பார்கள். ஒன்பது மணிக்கு மேலும் நிற்பவர்கள் அன்றைக்குக் கூலி இல்லையென்று அறிந்தவர்கள். அவர்களில் வயதானவர்களும் பெண்களும் அதிகம். ஐந்து மணி வரை தங்களை யாரும் கூப்பிடவில்லை என்று உவமையில் சொல்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர் என்பது இதைப் பார்த்தாலே விளங்கும். இனி பொருந்தாத இடத்துக்கு வருவோம். நம் நாற்சந்தியில் கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு வேறு கூலி. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. உவமையிலோ எல்லாருக்கும் ஒரே தெனாரியம், ஒரு நாள் குடும்பம் நடத்தும் கூலி. இந்த வேறுபாட்டை மேடையில் சொன்னால் வாசகம் பொறாமை பற்றியதாக மட்டும் நின்றுவிடாது.

கடற்கரைச் சபைகளில் இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மத்தேயு 13இன் வலை உவமை நல்ல சான்று. பேதுருவும் அந்திரேயாவும் வீசிக்கொண்டிருந்தது தனியாள் வீசும் வலை. இந்த உவமையில் வருவதோ இழுவலை. கன்னியாகுமரிக் கரையில் கரமடி என்றும், மற்றக் கரைகளில் கரைவலை என்றும் சொல்லப்படுவதற்கு நெருங்கியது. வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இரண்டு அணியாக இழுப்பார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை. ஒருவர் செய்ய முடியாதது. இது தெரிந்தவர்களுக்கு வலைக்குள் எல்லா வகையும் சேர்வது விளக்கமே தேவைப்படாத செய்தி, வலை தேர்ந்தெடுக்காது. மீன் கரைக்கு வந்த பிறகுதான் பிரிப்பு.

இதுவரை பொருந்துகிறது. பிரிக்கும் இடத்தில் பொருந்தவில்லை. லேவியராகமம் பதினோராம் அதிகாரத்தின்படி செதிலும் துடுப்பும் இல்லாதவை இஸ்ரயேலருக்கு விலக்கு. கலிலேயக் கடல் ஒரு நன்னீர் ஏரி. அதில் செதிலில்லாத கெளுத்தி இனம் உண்டு. அது கூடைக்குப் போகாமல் வெளியே எறியப்பட்டிருக்கும் என்று எண்ண இடமுண்டு. நம் கரையில் இறாலுக்கும் நண்டுக்கும் கணவாய்க்கும் கிடைக்கும் விலை செதிலுள்ள பல மீன்களுக்குக் கிடைக்காது. கலிலேயக் கரையில் விலக்கப்பட்டது இங்கே முதலில் ஏலம் போகிறது. மறையுரையாளர் இதை மறைக்கத் தேவையில்லை. எது நல்ல மீன் என்பதை ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்கிறது என்றால், மனிதர்களைப் பிரிக்கும் உரிமையை நம் கரையின் விலைப்பட்டியலிடம் கொடுக்க முடியுமா? உவமையின் அடுத்த வசனமே அந்த வேலையை மீனவரிடமிருந்து எடுத்து வானதூதரிடம் ஒப்படைக்கிறது. இழுக்கிறவர்கள் நாம், பிரிக்கிறவர்கள் நாம் அல்லர். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகளில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அதே அதிகாரத்தின் முத்து உவமைக்குத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான இடம் ஏது என்று தோன்றும். 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவர், 1542இல் வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார், நூற்றாண்டுகள் தொடர்ந்த முத்துக்குளிப்பு என எல்லாமே கைகொடுக்கின்றன. ஆனால் முத்துக்குளிப்பு நடந்த முறையைப் பார்க்க வேண்டும். சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. வாங்கியவர் அவற்றை வெயிலில் அழுகவிட்டுக் கழுவிப் பார்த்த பிறகே உள்ளே முத்து உண்டா என்று அறிந்தார். அது துணிகர வாணிபம். உவமையின் வணிகனோ முத்தைக் கண்ணால் கண்டவன். கண்ட பிறகே எல்லாவற்றையும் விற்கிறான். நம்பிக்கை கண்மூடித்தனமான பந்தயம் என்று பேச ஆசைப்படும் மறையுரையாளரை இந்த வேறுபாடு தடுத்து நிறுத்தும். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆகவே இளைய தலைமுறைக்கு இதை விளக்கியும் சொல்ல வேண்டும்.

கடுகு விதை உவமைக்கு நம்மவர்கள் உடனே காரம் குறையாத கடுகைப் பற்றிய பழமொழியைக் கொண்டுவருகிறார்கள். பழமொழி அழகானது, ஆனால் அது வாசகத்தை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறது. உவமை காரத்தைப் பற்றியதே அல்ல. எசேக்கியேலும் தானியேலும் பறவைகளுக்கு நிழல் தரும் மாபெரும் மரங்களைக் காட்டியிருக்க, இயேசு ஒரு தோட்டச் செடியைக் காட்டுகிறார் என்பதே அதன் அதிர்ச்சி.

உவமை ஆய்வின் வரலாறும் இந்தப் பக்கமே சாய்கிறது. அடோல்ஃப் யூலிஷர் 1888இல் வெளியிடத் தொடங்கிய தம் பெருநூலில், உவமை ஒவ்வொன்றும் ஒரே ஒரு கருத்தைச் சொல்கிறது என்று வாதிட்டு, விவரம்தோறும் மறைபொருள் காணும் பழைய முறையைத் தகர்த்தார். அது தேவையான வேலை. ஆனால் ஒரே கருத்து என்ற விதியே மறையுரையாளருக்குச் சீட்டு ஒட்டும் வேலையை எளிதாக்கியது. சி. எச். டாட் 1935இல் இதைத் திருத்தினார்: உவமை தன் விநோதத்தால் மனத்தைப் பிடித்து, முடிவாக விளங்காமல் வைத்துச் சிந்திக்கத் தூண்டுகிறது என்பது அவர் காட்டியது. உவமைக்கு உண்மையானது, உவமையை விளக்க நாம் கொண்டுவரும் எடுத்துக்காட்டுக்கும் உண்மையாக வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பல கிராம ஆலயங்களைக் கவனிக்கும் ஒரு போதகருக்கு, திருமணம், அடக்கம், கமிட்டிக் கூட்டம் எல்லாம் முடிந்து மறையுரைக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். தொகுப்பு நூலைப் பறித்துவிட்டால் அவர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி. ஆனால் இந்த முறைக்கு அதிக நேரம் தேவையில்லை; நேரம் வேறிடத்தில் செலவாகிறது, அவ்வளவுதான். வாசகத்தில் வரும் தொழில் எது, அதைச் செய்பவர் நம் சபையில் யார் என்று பார்த்து, வீடு சந்திப்பின்போது அவரிடம் கேட்டால் போதும். மறையுரையாளர் மக்களுக்கும் செவிகொடுக்க வேண்டுமென்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டின் திருத்தூது ஊக்கவுரையில் எழுதியதன் நடைமுறை வடிவம் இதுவே. இது புதிதும் அல்ல. மறைபரப்பாளர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய இரண்டே ஆண்டுகளில் உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். தாம் பேசப்போகும் மக்கள் ஏற்கெனவே எதைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்று அறிவதற்கு அவர் நேரம் ஒதுக்கினார்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பாவசங்கீர்த்தனத்திலோ ஆலோசனையிலோ கேட்டதை, பெயரை மாற்றிக்கூட, மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. சிறிய ஊரில் பெயர் மாற்றம் யாரையும் மறைக்காது. நடக்காததை நடந்ததாகச் சொல்வதும் கூடாது. கற்பனையைக் கற்பனை என்றே சொல்லலாம். இயேசு அப்படித்தான் சொன்னார்.

இறையியல் கல்லூரிகளில் மறையுரைக் கலை கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் எழுதித் தரும் ஒவ்வொரு மறையுரையோடும் இரண்டு குறிப்புகளைக் கேளுங்கள்: எடுத்துக்காட்டை யாரிடம் கேட்டறிந்தார் என்பது ஒன்று, அது வாசகத்தோடு எந்த இடத்தில் பொருந்தவில்லை, அந்த இடத்தை மறையுரையில் எங்கே சொன்னார் என்பது மற்றொன்று. இரண்டாம் குறிப்பு இல்லாத மறையுரையை மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.