மூன்றாம் ரிச்சர்ட்டின் முதுகு

நான் தரம் ஒன்பது படிக்கேக்க பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தாற அக்காதான் முதலில் கண்டுபிடிச்சவ. கவுண் ஒருபக்கம் மேலே ஏறுது, மறுபக்கம் இறங்குது. இரண்டு தரம் பிரிச்சுத் தைச்சும் சரிவரேல்லை. "பிழை கவுணில இல்லைப் பிள்ளை, உன்ர தோளில" எண்டா. அம்மா உடனே "நிமிர்ந்து நில்லடி" எண்டா. நான் நிமிர்ந்துதான் நின்றேன். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க, என் முள்ளந்தண்டு நேர்கோடாக இல்லாமல் சாய்ந்த 'ட'னா மாதிரி ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. வகுப்பில் அது தெரிய வந்த கிழமையே எனக்குக் 'கூனி' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பெயரோடுதான் கம்பசுக்கு வந்து சேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தைப் படித்தேன். முதல் காட்சியிலேயே அவன் தன் உடம்பைப் பற்றிக் கதைக்கிறான். என்னை இயற்கை ஏமாற்றி அரைகுறையாகப் பெற்றுப் போட்டது, காதலிக்க முடியாத நான் வில்லனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்பதுதான் அவன் சொல்வதன் சாரம். முதுகு வளைந்திருப்பதால் மனமும் வளைந்திருக்கிறது. வகுப்பில் எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் தோள்ப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

நாடகத்தை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வருவோம். மூன்றாம் ரிச்சர்ட் 1483 இல் இங்கிலாந்தின் அரசனானான். இரண்டு வருசம்தான். 1485 ஓகஸ்ட் 22 அன்று பொஸ்வேர்த் போர்க்களத்தில் 32 வயதில் கொல்லப்பட்டான். வென்ற ஹென்றி டியூடர் புதிய அரச வம்சத்தைத் தொடங்கினான். வென்றவனுடைய ஆட்சியில் தோற்றவனுடைய முதுகு எப்படி வளரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜோன் ரவுஸ் என்ற மதகுரு ரிச்சர்ட் உயிரோடு இருந்தபோது அவனை நல்ல அரசன் என்று புகழ்ந்து எழுதியவர். செத்த பிறகு அதே ரவுஸ், இவன் இரண்டு வருசம் தாய் வயிற்றில் கிடந்து, பல்லோடும் தோள்வரை முடியோடும் பிறந்தவன் என்று எழுதினார். அதே இடத்தில் ஒரு சின்ன விபரத்தையும் சொன்னார்: வலத்தோள் உயரம், இடத்தோள் பதிவு. பிறகு வந்த தோமஸ் மோர், இடத்தோள்தான் உயரம், முதுகு கூனல் என்றார். 1590களில் சேக்ஸ்பியர் கைக்கு வரும்போது அது முழுக் கூனாகி, கையும் சூம்பி, காலும் நொண்டியாகிவிட்டது. வின்ட்சரில் இருக்கிற ரிச்சர்ட்டின் ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஒரு தோளைப் பின்னால் யாரோ உயர்த்தி வரைந்திருப்பதும் தெரியவந்தது. தூரிகையாலேயே முதுகை வளைத்திருக்கிறார்கள்!

இருபதாம் நூற்றாண்டில் கதை மறுபக்கம் சாய்ந்தது. ரிச்சர்ட்டுக்காக வாதாடியவர்கள் பலர், கூனே டியூடர்களின் கட்டுக்கதை என்றார்கள். அவன் நல்லவன், ஆகவே அவன் முதுகு நேர் என்பதுதான் அந்த வாதம். எனக்கு இதுவும் முந்தையதும் ஒன்றுதான்.

2012 இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினார்கள். அதற்குக் கீழேதான் பழைய மடாலயத் தேவாலயம் இருந்தது. அவசரமாக வெட்டிய, நீளம் காணாத ஒரு குழிக்குள் ஒரு எலும்புக்கூடு. மண்ணை விலக்க விலக்க முள்ளந்தண்டு பக்கவாட்டில் பெரிதாக வளைந்து போவது தெரிந்தது. 2013 பெப்ரவரியில், அவனுடைய சகோதரியின் பெண்வழி வாரிசுகளின் மரபணுவோடு ஒப்பிட்டு, இது ரிச்சர்ட்தான் என்று அறிவித்தார்கள்.

அப்போ கூன் உண்மையா? இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் உடற்கூறு தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

முள்ளந்தண்டு நேராக இருக்க வேண்டும் என்பதே பிழையான எண்ணம். தாய் வயிற்றில் நாங்கள் எல்லாரும் முன்பக்கமாகச் சுருண்ட ஒரே வளைவுதான். பிறந்து மூன்று நாலு மாதத்தில் பிள்ளை குப்புறக் கிடந்து தலையைத் தூக்கேக்க கழுத்தில் எதிர் வளைவு ஒன்று உருவாகிறது. எழும்பி நின்று தத்தித் தத்தி நடக்கத் தொடங்க, இடுப்பில் இன்னொன்று வலுப்படுகிறது. நெஞ்சுப் பகுதியும் அடி முதுகும் மட்டும் கருப்பை வளைவை அப்படியே வைத்திருக்கின்றன. பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி நாலு வளைவு இருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால்தான் நேர்கோடு. நெஞ்சுப் பகுதி வளைவு அளவுக்கு மீறினால் அது கைபோசிஸ், எங்கட 'கூன்'. இடுப்பு வளைவு மிஞ்சினால் லோர்டோசிஸ். பின்னாலிருந்து பார்க்கும்போதும் வளைந்து, முள்ளென்புகள் முறுகியும் இருந்தால் அது ஸ்கோலியோசிஸ். ரிச்சர்ட்டுக்கு இருந்தது மூன்றாவது. பிறவியில் வந்ததல்ல. பத்து வயதுக்குப் பிறகு, வளரும் பருவத்தில் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வளைவு வலப்பக்கம், ஆகவே உயர்ந்தது வலத்தோள். ரவுஸ் பல்லையும் முடியையும் பற்றிப் பொய் சொன்னார், தோளைப் பற்றி உண்மை சொல்லியிருக்கிறார். சூம்பிய கையும் இல்லை, நொண்டியும் இல்லை. நல்லாத் தைத்த உடுப்பும் கவசமும் போட்டிருந்தால் பார்க்கிறவனுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. ஆனால் பொஸ்வேர்த்தில் அவனைக் கொன்றபின் உடுப்பைக் களைந்து, குதிரைமேல் குறுக்கே போட்டு லெஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். ஊரே அந்த முதுகைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதே மாதிரி வளைவுள்ள இளைஞர் ஒருவருக்குக் கவசம் செய்து அணிவித்து, குதிரையில் ஏற்றிப் பார்த்த ஆவணப்படம் 2014 இல் வந்தது. அவரால் சண்டை பிடிக்க முடிந்தது.

வைத்தியர்கள் மட்டும் இந்த முதுகை நேர்மையாகப் பார்த்தார்களா என்றால், அதுவும் கலப்புத்தான். ஹிப்போகிரற்றீஸின் பெயரில் உள்ள நூலில் ஒரு சிகிச்சை வருகிறது. நோயாளியை ஏணியில் கட்டி, உயரத்திலிருந்து ஏணியை நிலத்தில் விழ விடுவது. அதை எழுதியவரே, கூட்டத்தை வாய் பிளக்க வைக்க விரும்புகிற வைத்தியர்கள்தான் இதைச் செய்கிறார்கள், இதனால் நிமிர்ந்தவர்களை நான் காணவில்லை என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வைத்தியர் அவர்தான். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் அம்புறோய்ஸ் பரே இரும்புச் சட்டை போட்டார். 1741 இல் நிக்கொலா அந்திரி 'ஓதோபீடி' என்ற சொல்லை உண்டாக்கினார். அதன் பொருள், பிள்ளைகளை நேராக்குதல். வளைந்த மரத்தைக் கம்போடு கட்டி வைத்த படம் அவருடைய நூலில் இருக்கிறது. இன்றைக்கும் எலும்பு வைத்தியத்தின் சின்னம் அந்த மரம்தான். காத்திருப்பு மண்டபச் சுவரில் அதைக் கண்டபோது எனக்குச் சின்னக் கோபம் வந்தது.

ஆனால் கிதியன் மண்டெல்லின் கதையை வாசித்தபோது அழுகையே வந்தது. இகுவனொடன் என்ற டைனோசரை 1825 இல் உலகுக்கு அறிவித்த ஆங்கிலேய வைத்தியர் அவர். 1841 இல் குதிரை வண்டி விபத்து ஒன்று. அதன்பிறகு பதினொரு வருசம் தாங்க முடியாத முதுகு வலி. கட்டி என்று நினைத்தார்கள். அபின் எடுத்து எடுத்தே 1852 இல் இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் அது கட்டி இல்லை, முறுகிய முள்ளந்தண்டு என்று தெரிந்தது. அந்த முதுகை ஆராய்ந்த வில்லியம் அடம்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரில்தான் முன்னால் குனிந்து பார்க்கும் சோதனை இருக்கிறது. கிளினிக்கில் "குனிஞ்சு கால்விரலைத் தொடுங்கோ" என்று டொக்டர் சொன்னாரே, அதேதான். மற்ற மிருகங்களின் எலும்பை வாசித்த மனுசனுடைய எலும்பை, அவர் செத்த பிறகே வாசித்தார்கள்.

எங்கட பக்கம் கதை வேறா? கம்பன் கூனியை நாங்கள் மந்தரை என்று கூடச் சொல்வதில்லை, கூனி என்றே சொல்கிறோம். சின்ன வயதில் இராமன் வில்லால் அடித்த மண் உருண்டை அவள் முதுகில் பட்டதையும் கம்பன் சொல்கிறான். அதை யாரும் பட்டிமன்றத்தில் விவாதித்ததாக நான் கேட்டதில்லை. கூன் பாண்டியன் சைவனாக மாறியவுடன் கூன் நிமிர்ந்து, நின்றசீர் நெடுமாறன் ஆகிறான். பெயரிலேயே நிமிர்வு. முதுகு நிமிர்ந்தால் மனம் நிமிர்ந்தது என்ற அதே கணக்கு.

வளரிளம் பருவத்து ஸ்கோலியோசிஸ் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வருகிறது. பெரும்பாலும் காரணம் தெரியாது. கூடுதலாக வளைந்து சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் அதிகம் பெண் பிள்ளைகள். பாரமான பையோ, கூனி இருந்து படித்ததோ காரணம் இல்லை. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஆறு வருசம் எடுத்தது. வளைவைக் கோணமாக அளக்கும் முறையை ஜோன் கொப் 1948 இல் தந்தார். பத்துப் பாகைக்கு மேல் என்றால்தான் ஸ்கோலியோசிஸ். என்னுடையது 28.

ரிச்சர்ட்டை 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் திரும்ப அடக்கம் செய்தார்கள். இந்தமுறை பெட்டி அளவாக இருந்தது. போன தைப்பொங்கலுக்குச் சட்டை தைக்கப் போனபோது அதே அக்கா ஒன்றும் கேட்காமல் இடப்பக்கத்தை அரை அங்குலம் இறக்கி வெட்டினா.