விருப்பாட்சி மலைவாழை: தோட்டங்களின் வீழ்ச்சியும் மீட்பும்

விருப்பாட்சி மலைவாழை திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலைக்கே உரிய பழவகை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் முதலிய மலையூர்களில் விளைகிறது. திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் விளையும் சிறுமலை வாழை இதன் நெருங்கிய உறவு. சந்தையில் இரண்டுக்குமே மலைவாழை என்றுதான் பெயர். பழம் சிறியது, சதையில் நீர் குறைவு, மணமும் இனிப்பும் மிகுதி. தோல் கறுத்துச் சுருங்கிய பிறகும் சதை எளிதில் கெடுவதில்லை.

சமவெளியில் வாழையை இரண்டு மூன்று தாருக்குப் பின் அழித்து மறுபடி நடுவது வழக்கம். மலையில் அப்படியில்லை. ஒருமுறை ஊன்றிய கிழங்கு பக்கக்கன்றுகள் வழியே பல்லாண்டுகள் தொடர்ந்து காய்த்தது. அப்பா வைத்த தோட்டத்தில் மகன் தார் வெட்டினார். வாழையின் நிழலில் காப்பிச் செடி வளர்ந்தது. ஊடே ஆரஞ்சும் பலாவும் நின்றன, நிழல் மரங்களில் மிளகு படர்ந்தது. பாசனம் கிடையாது, மழைதான். காப்பியும் மிளகும் ஆண்டுக்கு ஒருமுறை பணம் தந்தால், வாழைத்தார் ஆண்டு முழுவதும் வீட்டுச் செலவைத் தாங்கியது.

பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தம் இந்தப் பழத்துக்கு நிலையான மதிப்பைத் தேடித் தந்தது. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சையும் கற்கண்டும் சேரும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுவதில்லை. நீர் மிகுந்த பழத்தைப் பிசைந்தால் கலவை விரைவில் புளித்துவிடும். மலைவாழையின் வறண்ட சதைதான் பஞ்சாமிர்தம் நாள்பட இருப்பதற்குத் துணை.

இத்தோட்டங்களை அழித்தது முடிக்கொத்து நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிஜித் தீவுகளில் கவனிக்கப்பட்ட இந்த வைரஸ் நோய், 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் நுழைந்தது. பின்னர் கீழ்ப்பழனிக்கும் சிறுமலைக்கும் ஏறியது. நோய் கண்ட மரத்தின் இலைக்காம்பில் முதலில் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். அடுத்து வரும் இலைகள் ஒன்றைவிட ஒன்று குட்டையாகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருக்கிக்கொள்ளும். அதன்பின் அந்த மரம் தார் ஈனுவது அரிது. நோயைப் பரப்புவது வாழை அசுவினி. தொலைதூரத்துக்குக் கொண்டுபோனவர்கள் மனிதர்கள்தாம்: நோய் மறைந்திருந்த பக்கக்கன்றை நல்ல கன்று என்று நம்பி உறவினருக்குக் கொடுத்தார்கள். எந்த முறை மலைத்தோட்டத்தைத் தலைமுறைகளாக வாழவைத்ததோ, அதே முறை இங்கே பகையானது. அழித்து நடாத நிலத்தில் வைரஸ் ஓய்வின்றித் தங்கியது. 1970களில் இரு மலைகளிலுமாக ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது.

வைரஸுக்கு மருந்து இல்லை. நோய் மரத்தைக் கொல்வது ஒன்றே வழி. வெட்டிப் போட்டால் கிழங்கிலிருந்து மறுபடி கன்று வெடிக்கும், அதுவும் நோய்க்கன்றாகவே இருக்கும். ஆகவே தண்டுக்குள் ஃபெர்னாக்சோன் என்னும் களைக்கொல்லியை ஊசி வழியாகவோ கூட்டுக்குளிகையாகவோ செலுத்தி, கிழங்கோடு சாகடிக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டது. மறுபுறம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நுனிக்குருத்திலிருந்து திசு வளர்ப்பில் கன்றுகளை உருவாக்கி, வைரஸ் இல்லை என்று சோதித்து மலைக்கு அனுப்பியது.

ஆனால் தூய கன்று மட்டும் போதவில்லை. வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய் மரம் நின்றால், அசுவினி ஒரே பருவத்தில் புதுக்கன்றுகளையும் கெடுத்துவிடும். ஒருவர் செய்து மற்றவர் செய்யாத மீட்பு வீண். மலைவாழை விவசாயிகள் ஒன்றுகூட நேர்ந்ததன் முதன்மைக் காரணம் இதுவே. இன்னும் நாலு சீப்பு தரலாம் என்று கைவிட மனமில்லாமல் வைத்திருந்த மரத்தை உரிமையாளரே கொல்லச் சம்மதிப்பது எளிதல்ல. வெளியிலிருந்து வரும் அதிகாரி சொல்வதைவிட, அதே மலையில் அதே இழப்பைப் பட்ட விவசாயி சொன்னால் அந்தப் பேச்சு எடுபடும். தமிழ்நாடு மலைவாழை விவசாயிகள் கூட்டமைப்பின் பெயர் இந்த வரலாற்றில் நிலைத்திருப்பது பொருத்தமானது. இந்தக் கூட்டமைப்பின் விண்ணப்பத்தின் பேரில் 2008-09இல் விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் அதே தகுதியைப் பெற்றது.

மீட்பு முழுமை அடையவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கீழ்ப்பழனித் தோட்டங்களைக் கடுமையாகச் சாய்த்தது. காட்டுமாடும் யானையும் இளங்கன்றுகளை மேய்கின்றன. முடிக்கொத்து நோயும் மலையை விட்டு இறங்கிவிடவில்லை. எனவே புதிதாகத் தோட்டம் வைப்பவர் கன்று வாங்கும் இடத்தைப் போலவே சுற்றிலும் உள்ள தோட்டங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வயதான தோட்டத்தில் விட்ட இடங்களை மட்டும் நிரப்புவதைவிட, நோய் மரங்களை அடியோடு நீக்கி, இடைவெளி விட்டு, முழுவதையும் புதுக்கன்றுகளால் நடுவதே பலன் தரும்.